தீக்குச்சியில் இருந்த விஷம் எலி பேஸ்டுக்கு வந்த கதை



மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டாங்க. பூந்தமல்லி பக்கத்துக்கு வரலாறு இல்லாமல் இல்லை. திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் இது. ஆனால் அதை எழுத என்னைவிடத் தெரிந்தவங்க இருக்காங்க. நான் எழுத வந்தது நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கிற சாமான்களின் வரலாறு. சமையல் மேடைக்கு அடியில் ஒரு பாட்டில், பாத்ரூம் ஜன்னலில் ஒரு பாட்டில், பரண் மேல் ஒரு டியூப், பீரோ துணிக்கு நடுவில் நாலு உருண்டை. இதையெல்லாம் வாங்குவது நாம், கையால் தொடுவது நாம், ஒளித்து வைப்பதும் நாம். எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் நமக்குச் சொன்னதில்லை.

முதலில் தீப்பெட்டியில் ஆரம்பிக்கிறேன். எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். குச்சியைச் சுவரில் உரசினால் பற்றாது, பெட்டியின் பக்கவாட்டில் உரசினால்தான் பற்றும். ஏன் என்று யோசித்திருக்கிறோமா? அந்தப் பக்கவாட்டுப் பூச்சில்தான் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கிறது. குச்சித் தலையில் பாஸ்பரஸ் கிடையாது. குச்சியையும் பாஸ்பரஸையும் இப்படிப் பிரித்து வைத்ததற்குப் பின்னால் நம்மைப் போன்ற பெண்களின் கண்ணீர் நிறைய இருக்கு.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் விற்ற மலிவுத் தீக்குச்சியை எங்கே உரசினாலும் பற்றும். சுவர், செருப்பு, மேஜை, எதுவானாலும் சரி. அதன் தலையில் வெள்ளை பாஸ்பரஸ் இருந்தது. வெளிச்சம் பட்டுப் பட்டு இது மஞ்சளாகிவிடும், அதனால் மஞ்சள் பாஸ்பரஸ் என்றும் பெயர். இரண்டும் ஒன்றுதான். இந்தப் பெயரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வரும்.

லண்டனின் கிழக்குப் பகுதியில் பிரையண்ட் அண்ட் மே என்ற கம்பெனியின் தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள், சிறுமிகள். பாஸ்பரஸ் கலவைக்குப் பக்கத்திலேயே நின்று வேலை, அந்தக் கையாலேயே அதே மேஜையில் ரொட்டி. முதலில் பல்வலி என்று ஆரம்பிக்கும். பிறகு கன்னம் வீங்கும், கடைசியில் தாடை எலும்பே அழுகும். எலும்பை வெட்டி எடுப்பது தவிர அன்றைக்கு வேறு வைத்தியம் இல்லை. இது போதாதென்று பேசினால் அபராதம், லேட்டாக வந்தால் அபராதம், குச்சி கீழே விழுந்தால் அபராதம் என்று கூலியில் பிடித்தம் வேறு.

1888 ஜூன் மாதம் ஒரு பெண்மணி இதை விசாரித்துத் தன் பத்திரிகையில் எழுதினார். கம்பெனி கோபப்பட்டு, "இதெல்லாம் பொய்" என்று தொழிலாளிகளிடம் கையெழுத்து கேட்டது. அவங்க போடவில்லை. ஒரு பெண்ணை வேலையை விட்டு நிறுத்தினதும் மற்றவங்க எழுந்து வெளியே வந்துட்டாங்க. ஜூலை மாதம், கிட்டத்தட்ட 1400 பேர். யாரும் பெரிய படிப்பு படித்தவர்கள் இல்லை. முன்னால் நின்றவர்களில் சாரா சாப்மன் என்ற இளம்பெண்ணின் பெயர் இன்றைக்கும் சொல்லப்படுகிறது. இரண்டு வாரத்தில் கம்பெனி இறங்கி வந்தது. அபராதம் ஒழிந்தது. சாப்பிட தனி அறை கிடைத்தது. சங்கமும் உருவானது.

அந்தப் பத்திரிகைக்கார அம்மா யார் தெரியுமா? அன்னி பெசன்ட். பிற்பாடு இந்தியாவுக்கு வந்து, அடையாறில் இருந்து, 1917-இல் காங்கிரஸ் தலைவராகி, 1933-இல் அடையாறிலேயே இறந்தவர். பெசன்ட் நகர் பீச்சுக்குப் போறோமே, அந்தப் பெயர் இவருடையது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இவரை ஹோம் ரூல் இயக்கத்தோடு மட்டும் படித்தேன். தீப்பெட்டிப் பெண்களுக்காக எழுதியதை யாரும் சொல்லித்தரவில்லை, அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். வேலைநிறுத்தம் ஜெயித்தது, ஆனால் பாஸ்பரஸ் போகவில்லை. சாப்பாட்டு மேஜைதான் பாஸ்பரஸை விட்டு நகர்ந்தது. ஆபத்தில்லாத சிவப்பு பாஸ்பரஸ் அதற்கும் பல வருஷம் முன்பே கண்டுபிடிக்கப்பட்டு ஸ்வீடன் நாட்டில் தீப்பெட்டியும் செய்துகொண்டிருந்தாங்க. 1891-இல் இரட்சணிய சேனைக்காரர்கள் லண்டனிலேயே அந்த முறையில் ஒரு தொழிற்சாலை ஆரம்பித்தாங்க. கூலியும் கூடுதல், காற்றும் சுத்தம். பெட்டி விலை மட்டும் கொஞ்சம் அதிகம். ஜனங்கள் மலிவுப் பெட்டியைத்தான் வாங்கினாங்க. அவங்களும் ஏழைகள்தானே. 1901-இல் தான் பிரையண்ட் அண்ட் மே வெள்ளை பாஸ்பரஸை நிறுத்தியது. 1906-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் பல நாடுகள் கூடி, வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சி கூடாது என்று ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913-இல் அதற்கென்றே ஒரு தடைச் சட்டம் வந்தது. வாங்குகிறவரைப் பார்த்து "ஜாக்கிரதையாக வாங்கு" என்று சொன்னதால் அந்த விஷம் போகவில்லை. செய்யவும் விற்கவும் முடியாது என்று ஆனபிறகுதான் போனது.

இதனால் பலன் அடைந்தது நம்ம தமிழ்நாட்டுப் பெண்கள். சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் 1922-இல் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, 1923-இல் ஊரில் ஆரம்பித்தாங்க. அதற்குப் பத்து வருஷம் முன்பே சட்டம் வந்துவிட்டது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பெட்டி ஒட்டி, குச்சி அடுக்கிய பெண்களுக்கு வேறு கஷ்டம் ஆயிரம் இருந்தது. தீவிபத்து இருந்தது, கூலி குறைவு இருந்தது, குழந்தைகளைக்கூட வேலைக்கு வைத்த கொடுமை இருந்தது. ஆனால் அந்தத் தாடை அழுகும் நோய் அவங்களைத் தொடவில்லை.

சரி, தீப்பெட்டியை விட்டுப் போன மஞ்சள் பாஸ்பரஸ் எங்கே போனது? எலி பேஸ்டுக்குள். தீப்பெட்டியில் கூடாது என்று நூறு வருஷம் முன்னால் தடுத்த அதே பொருள், 3 சதவீதம் கலந்து, சின்ன டியூபில், மளிகைக்கடையில் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தொங்கியது. டியூபில் வருவதால் பல் துலக்கும் பேஸ்ட் என்று நினைத்த குழந்தைகளும் உண்டு, கண் சரியாகத் தெரியாத பெரியவர்களும் உண்டு. மெட்ரோ தூண் வேலைக்குத் தோண்டிய காலத்தில் எலித்தொல்லை கூடிப் போச்சு என்று நம்ம ஏரியாவில் சொல்லாத வீடு இல்லை. கேட்டதும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது இதைத்தான்.

இந்த விஷத்தின் சூழ்ச்சி என்னவென்றால், உள்ளே போனதும் பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். வாந்தி வந்து நின்றுவிடும். "ஆளு நல்லாத்தான் இருக்கு" என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவாங்க. இரண்டு மூன்று நாளில் கண் மஞ்சளாகும், கல்லீரல் செயலிழக்கும். இதற்கு நேரடி மாற்று மருந்து கிடையாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கல்லீரல் மருத்துவர்கள் உட்பட தமிழ்நாட்டு டாக்டர்கள் பலர், இப்படி வரும் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, இதைக் கடையை விட்டே எடுக்கணும் என்று வருஷக்கணக்கில் சொல்லி வந்தாங்க.

ஏன் அவ்வளவு வற்புறுத்தினாங்க என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் தவறிச் சாப்பிட்டவர்கள் இல்லை. வீட்டுச் சண்டை, பரீட்சை, காதல், கடன் என்று மனசு உடைந்த ஒரு நிமிஷத்தில் கைக்கு எட்டியதை எடுத்தவர்கள். வாரத் தவணைக்காரர் வாசலில் வந்து உட்காருகிற நாள் எப்படி இருக்கும் என்று நம்மில் பலருக்குத் தெரியும். அந்த நிமிஷம் கடந்து போகும், கடந்தவர்கள் வாழ்ந்து காட்டியிருக்காங்க. அதுவரைக்கும் அந்தப் பொருள் வீட்டில் இல்லாமல் இருந்தால் போதும். குழுவில் யாராவது இரண்டு கூட்டம் வராமல், போன் எடுக்காமல் இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் 104 இருக்கிறது, 14416 இருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் ஆரம்பித்த ஸ்நேகா அமைப்பும் இருக்கிறது.

2022 செப்டம்பரில், உலகத் தற்கொலைத் தடுப்பு நாளை ஒட்டி, மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் எலி பேஸ்ட், சாணிப் பவுடர் இரண்டின் மேலும் நடவடிக்கை வரும் என்று அறிவித்தார். பிறகு மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டது. தீக்குச்சிக்கு 1913, எலி பேஸ்டுக்கு இப்போதுதான். நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. பழைய டியூப் பரண் மேல் கிடக்கலாம், ஒருமுறை தேடிப் பாருங்கள். கிடைத்தால் பிரிக்காமல் கவரில் கட்டி, குழந்தை கைக்கு எட்டாமல் வைத்து, குப்பையில் சேர்க்காமல் தனியாக, இன்னது என்று சொல்லி, தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். அவங்களும் நம்மைப் போன்ற பெண்கள், கையை விட்டுப் பிரிப்பாங்க.

சாணிப் பவுடர் நம்ம பக்கம் அவ்வளவாக இல்லை. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டில் இருந்து வாக்கப்பட்டு வந்த சகோதரிகளுக்கு நன்றாகத் தெரியும். மாடு குறைந்து, சாணி கிடைக்காமல் போனபோது, வாசல் தெளிக்க மஞ்சளும் பச்சையுமாக ஒரு பொடி வந்தது. தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் சாணி தெளித்த மாதிரியே நிறம். அதில் சாணி ஒரு துளியும் கிடையாது. ஆரமைன், மாலகைட் பச்சை என்ற சாயங்கள்தான். துணிக்கும் மற்ற தொழிலுக்கும் உண்டான விஷச் சாயத்தை, வெறும் கையால் விடியற்காலையில் கரைத்துத் தெளித்தது நம்ம அம்மாக்கள். மார்கழியில் அது மேலேயே கோலமும் போட்டாங்க. பெயரில் சாணி இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெறும் தண்ணீர் தெளித்துப் போடும் கோலம் எந்த விதத்தில் குறைந்துவிட்டது என்று எனக்குப் புரியவில்லை.

இந்தியாவில் பூச்சி மருந்துக்கு என்று தனிச் சட்டம் வந்ததும் சாவுக்குப் பிறகுதான். 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளாவிலும் அன்றைய மெட்ராஸ் மாநிலத்திலும் விஷம் கலந்த உணவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தாங்க. கப்பலில் உணவு மூட்டைகளோடு ஏற்றி வந்த பாரத்தியான் என்ற பூச்சி மருந்து கசிந்து கோதுமையிலும் சர்க்கரையிலும் கலந்துவிட்டது. விசாரணைக் கமிஷன் போட்டாங்க, அதைத் தொடர்ந்து 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. இன்றைக்குப் பூச்சி மருந்து டப்பாவில் சாய்ந்த சதுரத்துக்குள் ஒரு கலர் முக்கோணம் இருக்கும், பார்த்திருப்பீங்க. சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் விஷமே இல்லை என்று அர்த்தம் இல்லை, இருப்பதில் குறைவு, அவ்வளவுதான். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத பாட்டிக்கும் இந்தக் கலரைச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

இப்போது நம்ம ஊர்ப் பக்கம் வருகிறேன். குமணன்சாவடியில் இருந்து மாங்காடு வழியாகப் போனால் குன்றத்தூர். 2024 நவம்பரில் அங்கே ஒரு அடுக்குமாடி வீட்டில் எலித்தொல்லைக்காக ஒரு தனியார் நிறுவனத்து ஆட்கள் வந்து வீட்டுக்குள் எலி மருந்து வைத்துப் போனாங்க. அன்றிரவு குடும்பமே கதவு ஜன்னலை மூடி, ஏ.சி. போட்டுத் தூங்கியது. விடிவதற்குள் எல்லாருக்கும் வாந்தி, மூச்சுத்திணறல். இரண்டு குழந்தைகள் இறந்துவிட்டாங்க. அப்பா அம்மா ஆஸ்பத்திரியில். செய்தி டிவியில் வந்தபோது நம்ம தெருவில் எல்லாரும் பேசிக்கிட்டோம், ஒரு வாரத்தில் பேச்சு அடங்கிப் போச்சு.

அந்தத் தாய் தகப்பன் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. விவரம் தெரிந்தவர்கள் என்று நம்பித்தான் ஆளைக் கூப்பிட்டாங்க. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது, விஷம் வாய் வழியாக மட்டும் வருவதில்லை என்பதைத்தான். மூடிய அறையில் மூச்சு வழியாகவும் வரும். மருந்து வைக்க வருகிறவரிடம் என்ன மருந்து, லைசென்ஸ் இருக்கா, எத்தனை நேரம் வெளியே இருக்கணும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கு. பதில் சொல்லத் தெரியாத ஆள் என்றால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். தானியக் கிடங்கில் போடும் மாத்திரையை "நல்லா கேக்கும்" என்று சொல்லி வீட்டுக்குக் கொடுக்கிறவங்களும் இருக்காங்க. அது ஈரக்காற்று பட்டதும் விஷ வாயுவாக மாறும், வீட்டுக்குள் வரவே கூடாது. எலிக்கூண்டு, சிமெண்ட் வைத்து அடைத்த பொந்து, மூடி போட்ட அரிசி டிரம் மூன்றும் பழைய வைத்தியம்தான், ஆனால் இதனால் யாரும் மூச்சு முட்டிச் சாகவில்லை.

மூடிய அறை என்றதும் பாத்ரூம் ஞாபகம் வருது. கறை போகணும் என்று ஆசிட் ஊற்றி, அது காய்வதற்குள் ப்ளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்க்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கண் எரியும், தொண்டை கமறும், இருமிக்கிட்டே வெளியே வருவோம். "பவர் ஜாஸ்தி" என்று நினைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி, முதல் உலகப் போரில், பெல்ஜியம் நாட்டின் ஈப்ரு என்ற இடத்தில் ஜெர்மன் படை எதிரிகள் மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். நாலுக்கு நாலு பாத்ரூமில் கதவைச் சாத்திக்கிட்டு அதைச் செய்வது நாம். ஒரு நாள் ஒன்று, இன்னொரு நாள் மற்றொன்று என்று பிரித்தால்கூடப் போதும். ஆசிட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லணும். ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட லட்சுமி என்ற பெண் போட்ட வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அடையாள அட்டை பார்த்து, பதிவேட்டில் எழுதித்தான் ஆசிட் விற்கணும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக்கூடாது என்று உத்தரவிட்டது. நம்ம கடைத்தெருவில் எத்தனை கடையில் அந்தப் பதிவேடு இருக்கு என்று ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து கேட்டுப் பார்க்கலாம்.

கொசுவத்திச் சுருளைப் பற்றி ஒரு சின்னக் கதை. முதலில் அது நேர்க்குச்சியாகத்தான் இருந்தது, சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். 1895-இல் ஜப்பானில் அதைச் செய்தவரின் மனைவி, யூகி உவேயாமா, சுருட்டி வைத்தால் ராத்திரி முழுக்க எரியுமே என்று யோசனை சொன்னார். பெண்ணின் மூளைதான். ஆனால் ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்குச் சமம் என்று பிற்பாடு ஆராய்ந்து சொல்லியிருக்காங்க. கைக்குழந்தை உள்ள அறையில் வலைதான் நல்லது. அதேபோல் பச்சைக்குழந்தைத் துணியை அந்துருண்டை போட்ட பெட்டியில் இருந்து எடுத்து அப்படியே போடாதீங்க. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள ஒரு குறையால், அந்த நெடியில் ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரும். பிரசவ வீட்டுக்குப் போகும்போது சொல்ல வேண்டிய விஷயம் இது.

கடைசியாகப் பினாயில். இது நம்ம சொந்த விஷயம். மகளிர் குழு என்றாலே ஊறுகாய், அப்பளம், பினாயில், சோப் ஆயில் என்று ஆகிவிட்டது. பினாயிலின் மூதாதை, 1877-இல் ஜான் ஜெயஸ் என்ற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்கிய, தார் எண்ணெயில் செய்த திரவம். கறுப்புப் பினாயில் அந்த வம்சம். நாம் செய்கிற வெள்ளைப் பினாயில் பைன் எண்ணெய் வகை, தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி ஆகும். ஆபத்தே அங்கேதான் இருக்கு. செலவு குறையும் என்று பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலைக் கழுவி, அதில் ஊற்றி விற்கிறோம். லேபிள் இல்லை, மூடி தளர்வு. தாகத்தோடு ஓடி வரும் குழந்தைக்கு அது மோராகவோ பாலாகவோதான் தெரியும்.

குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கு. செய்யவே கூடாது. வாந்தியில் வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். 108-ஐக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கிட்டுப் போகணும். பாட்டிலில் பெயர் எழுதியிருந்தால்தானே டாக்டருக்கு உதவும்?

இதைப் போன மாதக் கூட்டத்தில் பேச்செடுத்தபோது பினாயில் செய்கிற அக்கா ஒருத்தர் கேட்டது நியாயமான கேள்வி. "புது பாட்டில், இறுக்கமான மூடி, லேபிள் எல்லாம் போட்டா ஒரு பாட்டிலுக்கு விலை ஏறும். பக்கத்துக் கடையில மலிவா கெடைக்கும்போது நம்மகிட்ட யாரு வாங்குவா?" 1891-இல் லண்டனில் அந்த நல்ல தீப்பெட்டி விலை போகாமல் தவித்ததற்கும் இதே கணக்குத்தான். கூட்டமைப்பே மொத்தமாகப் பாட்டில் வாங்கி எல்லாக் குழுக்களுக்கும் பிரித்துக் கொடுத்தால் என்ன விலைக்கு அடங்கும் என்று விசாரிக்க இரண்டு பேரை அனுப்பியிருக்கோம். விலைப்பட்டியல் வந்ததும் அடுத்த கூட்டத்தில் வைக்கிறாங்க. பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றுவதை அதுவரை நிறுத்தி வைப்பதா என்பது அன்றைக்கு ஓட்டுக்கு வருது. கைநாட்டு வைக்கிறவங்களும் தவறாமல் வந்துடுங்க.